ஐந்து கோடுகள்

நீங்கள் ஏற்பாடு செய்திருந்த மொழிபெயர்ப்புப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பச் சொன்னது நான்தான், மேடம். அவள்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. வாசலில் என்னை உட்காரச் சொல்வதற்கு, நாங்கள் நாயிடம் சொல்லும் வார்த்தையைச் சொன்னாள். சின்னப் பெண், போகப் போகப் பழகிக்கொள்வாள். ஆனால் நான் முப்பத்தொரு வருடம் ஊராட்சியில் இதே வேலையைப் பார்த்தவள். நான் ஜெர்மனில் சொல்வதை அவள் இத்தாலியில் என்னவாக்குகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்; சொல்லவந்தது மறந்துபோகும். தாய்மொழியில் விசாரிக்கப்பட எனக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்றீர்கள். பரவாயில்லை, உங்கள் மொழியிலேயே சொல்கிறேன்.

மேஜைமேல் இருக்கும் இரண்டு தாள்களையும் எனக்குத் தெரியும். மேலே இருப்பது நிவெஸ் டால்பியாஸ் இத்தாலியில் எழுதிய கடிதம். அதோடு சேர்த்துக் குத்தியிருப்பது நான் செய்த ஜெர்மன் மொழிபெயர்ப்பு. கீழே நோட்புர்கா காம்பர் என்று என் கையெழுத்து, பக்கத்தில் ஊராட்சி முத்திரை, தேதி 1986 டிசம்பர் 2. அதற்கு முப்பத்துநான்கு நாள் கழித்து, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின சாயங்காலம், ஊர்க்கோடியில் இருந்த பழைய பால்பண்ணைக் கட்டடம் எரிந்தது. நிவெஸ் உள்ளே செத்துப்போனாள். பதினேழு வருடமாக அது விபத்து என்றே கோப்பில் இருக்கிறது.

இந்தத் தாள்களை ஊராட்சி நூலகத்துப் பெட்டியிலிருந்து எடுத்து உங்களுக்கு அனுப்பியது என் மகள் ஆஃப்ரா. அந்த நூலகத்தில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அவளுக்குப் பேச்சு வராது. அதனால் நேரில் வந்திருக்க மாட்டாள், எழுதித்தான் போட்டிருப்பாள். இத்தனை வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டுவிட்டு, என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதிக் காட்டாமல் உங்களுக்கு எழுதியிருக்கிறாள். அது வலிக்கிறது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். என் கணவர் லூயிஸ் செங்குத்தான புல்வெளியில் டிராக்டர் உருண்டு இறந்தபோது ஆஃப்ராவுக்கு ஏழு வயது. அடுத்த வருடம்தான் நிவெஸ் ட்ரெண்டோவிலிருந்து எங்கள் ஓபர்மோஸ் பள்ளிக்கு இத்தாலி சொல்லிக்கொடுக்க வந்தாள். இத்தாலி நாட்டுக்குள் இருந்தாலும் எங்களுடையது ஜெர்மன் பேசும் ஊர்; அப்போதெல்லாம் அங்கே இத்தாலிக்காரர்கள் என்று நான்கு பேர்தான்: இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு தபால்காரர், இவள். போலீஸ்காரர்களிடம் யாரும் பேசமாட்டார்கள். தபால்காரரிடம் தபாலைப் பற்றி மட்டும் பேசுவார்கள். நிவெஸை நான் வீட்டுக்குள் விட்டேன். முதலில் அவளுடைய வாடகை ஒப்பந்தத்தை மொழிபெயர்த்துக் கொடுத்தேன், அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டேன், அப்புறம் அவள் கூப்பிடாமலேயே வர ஆரம்பித்தாள்.

ஊர் சும்மா இருக்குமா. வால்ஷெ என்று எங்கள் பேச்சில் ஒரு வார்த்தை உண்டு. இத்தாலிக்காரர் என்றுதான் அர்த்தம், ஆனால் அதை யாரும் சிரித்த முகத்தோடு சொல்வதில்லை. தீயணைப்புப் படைத் தலைவன் ஹார்ட்மன், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், பேக்கரியில் எல்லார் முன்னாலும் கேட்பான்.

"என்ன புர்கல், உன் வால்ஷெ இன்னைக்கும் சாப்பாட்டுக்கு வர்றாளா? மாவு உருண்டையெல்லாம் விட்டுட்டு இப்ப சோளக்களிதானாமே உங்க வீட்டுல?"

"ஆமா. உன் பொண்டாட்டி பிடிக்கிற உருண்டையால அடிச்சா காளை மாடு சாஞ்சிரும். அதுக்குக் களி எவ்வளவோ தேவலாம்."

எல்லாரும் சிரிப்பார்கள், ஹார்ட்மனும் சிரிப்பான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். பத்து வருடம் அப்படி இருந்தது. ஒரு சிநேகிதிக்காகத்தானே என்று பொறுத்துக்கொண்டேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஊரில் அவளுக்காக வாய் திறந்தவள் நான் ஒருத்திதான்.

ஆஃப்ராவுக்கு நல்ல குரல் என்று முதலில் சொன்னதும் நிவெஸ்தான். அவளுக்குச் சங்கீதம் தெரியும். வியாழக்கிழமைகளில் பழைய பால்பண்ணைக் கட்டடத்தில் குழந்தைகளுக்கு இலவசமாகப் பாட்டு சொல்லிக்கொடுப்பாள், ஆஃப்ரா கூடமாட உதவி செய்வாள். பாட்டுப் புத்தகத்தில் சுரம் எழுதுவதற்கு இருப்பதுபோலவே, தரையில் சாக்பீஸால் ஐந்து நீளக் கோடுகள் போடுவார்கள். ஒவ்வொரு குழந்தையும் ஒரு கோட்டில் அல்லது இடைவெளியில் நிற்கும். நிவெஸ் தோளைத் தொட்டால் அந்தக் குழந்தை தன் சுரத்தைப் பாடவேண்டும். நானே பலதடவை போய்ப் பார்த்திருக்கிறேன். பார்க்க வேடிக்கையாக இருக்கும். நான்கு வயசுப் பிள்ளைக்குக்கூடப் புரிந்துவிடும்.

1986 அக்டோபரில் ஒரு ஞாயிறு, நானும் அவளும் அடுப்பில் கஷ்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தோம். ஆஃப்ராவுக்கு அப்போது பதினெட்டு. எனக்கு மனசு கனத்துக் கிடந்தது, சொன்னேன்.

"நிவெஸ், எனக்குன்னு இருக்கிறது இந்தப் பொண்ணு ஒருத்திதான். இவளும் எங்கேயாவது போயிட்டா நான் சுவத்தோடதான் பேசணும்."

அவள் கரி படிந்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ எங்க போகப்போறா, புர்கா? இங்கதானே இருக்கா. சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காதே."

அன்றைக்கு எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வெரோனா இசைக்கல்லூரிக்கு ஆஃப்ராவின் விண்ணப்பத்தை அவள் நிரப்பி அனுப்பி அப்போது ஆறு வாரம் ஆகியிருந்தது என்பது எனக்கு நவம்பர் கடைசியில்தான் தெரிந்தது. துவைக்கப் போட்ட ஆஃப்ராவின் மழைக்கோட்டுப் பையில் கடிதம் கிடந்தது. அதைத்தான் நீங்கள் மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள். பார்க்காமலே சொல்கிறேன்.

"அன்பு ஆஃப்ரா, வெரோனாவில் உன்னைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். திருநாள்கள் முடிந்ததும் போய்விடலாம். அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே, நேரம் பார்த்து நானே சொல்கிறேன். வியாழக்கிழமை நான் வரத் தாமதமானால், தரையில் சாக்பீஸால் பென்டகிராம்மாவைப் பெரிதாக வரைந்து குழந்தைகளை அதன்மேல் நிறுத்திவை. யார் எங்கே நிற்கவேண்டும் என்று அவர்களுக்கே தெரியும். உன் நிவெஸ்."

நேரம் பார்த்து நானே சொல்கிறேன் என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. என் மகளைப் பற்றி எனக்கு எப்போது என்ன தெரியவேண்டும் என்பதை அவள் முடிவு செய்கிறாள். இருவரும் என் வீட்டில், என் மேஜையில், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்துப் பேசியிருக்கிறார்கள். யாருக்காக ஊரையே பகைத்துக்கொண்டேனோ அவளே என் கழுத்தை அறுத்தாள். அப்புறம் மழைக்கோட்டைத் துவைத்துக் காயப்போட்டேன்.

நிவெஸ் ஊரைவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான் நான் விரும்பியது. அவள் போனால் வெரோனாவும் போகும். கடிதத்தை எடுத்துக்கொண்டு மேயர் கோர்பினியானிடம் போனேன். கீழே கிடந்தது என்று சொன்னேன். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தான். எங்கள் ஊர் ஆண்களுக்குத் தெரிந்தது பட்டாளத்து இத்தாலி. கட்டாயச் சேவைக்குப் போன இடத்தில் கற்றுக்கொண்ட உத்தரவுகளும் வசவுகளும்தான், கூடவே மதுக்கடையில் கேட்டு வாங்கத் தேவையான பத்து வார்த்தை.

"என்ன எழவுடி இது? கோழி கிறுக்கின மாதிரி இருக்கு. குழந்தைங்கன்னு வருது, வெரோனான்னு வருது."

"மொழிபெயர்த்துக் கொண்டுவரட்டுமா?"

"கொண்டா. முறையா, முத்திரையோட கொண்டா."

இந்த இடத்தில் அந்தச் சொல்லைப் பற்றி உங்களுக்கு விளக்கவேண்டும். நீங்கள் இத்தாலிக்காரர், உங்களுக்கு அந்தக் கடிதத்தில் எதுவும் தப்பாகப் படாது. கிரேக்கத்தில் அதன் அர்த்தம் ஐந்து கோடு. அந்தச் சொல் ஐரோப்பா முழுக்க நடந்து போயிருக்கிறது, போன இடத்தில் எல்லாம் ஒரே வேலை பார்க்கவில்லை. உங்களுக்கும் ஸ்பெயின்காரர்களுக்கும் இன்றைய கிரேக்கர்களுக்கும் பாட்டெழுதும் ஐந்து கோடு. எங்களுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் பேனாவை எடுக்காமல் ஐந்து இழுப்பில் போடும் ஐந்து முனை நட்சத்திரம். அந்த நட்சத்திரத்துக்கு எங்கள் ஊரில் அதைவிடப் பழைய பெயர் ஒன்று இருக்கிறது, ட்ரூட் பாதம். ட்ரூட் என்பவள் தூக்கத்தில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அமுக்கும் பேய்ப் பெண். அவளுடைய பாதத்தை வாசலில் வரைந்துவைத்தால் அவள் உள்ளே வரமாட்டாள் என்று நம்பிக்கை. செக் நாட்டுக்காரர்களும் பேயின் கால் என்றே சொல்கிறார்கள். எங்கள் வீட்டுத் தொட்டிலின் கால்மாட்டில்கூடச் செதுக்கியிருக்கிறது. அதில்தான் நானும் கிடந்தேன், ஆஃப்ராவும் கிடந்தாள்.

ஆகவே என் முன்னால் மூன்று வார்த்தை இருந்தது. சுரக்கோடு என்று எழுதியிருந்தால் கோர்பினியான் கடிதத்தைக் குப்பையில் போட்டிருப்பான். ட்ரூட் பாதம் என்று எழுதியிருந்தால், பரவாயில்லையே, நம் வழக்கத்தையெல்லாம் கற்றுக்கொண்டாளே என்று சந்தோஷப்பட்டிருப்பான். மூன்றாவது வார்த்தை சலூனில் கிடக்கும் வாரப்பத்திரிகைகளில் வருவது. சாத்தான் கூட்டம், கறுப்புப் பூசை, நட்சத்திரத்துக்குள் மெழுகுவர்த்தி என்று அந்த வருடம் பக்கம் பக்கமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் அந்த நட்சத்திரத்துக்கு எப்போதும் பென்டகிராம் என்று பெயர்.

பென்டகிராம் என்று எழுதினேன். உங்கள் சொல்லின் கடைசி எழுத்தை எடுத்தேன், வேறொன்றும் செய்யவில்லை. மற்ற வரிகளை ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு கமாகூட மாறியிருக்காது. வெரோனாவில் உன்னைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். அம்மாவிடம் சொல்லாதே. குழந்தைகளை அதன்மேல் நிறுத்திவை. எல்லாம் அவள் எழுதியதுதான்.

ஆறு பேர் கூடியிருந்த அறையில் கோர்பினியான் என்னைப் படிக்கச் சொன்னான். படித்து முடித்ததும் ஹார்ட்மன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"பென்டகிராம்னு அவளே எழுதியிருக்காளா? நல்லாப் பார்த்தியா புர்கல்?"

"நீயே பாரு. எழுத்துக்கூட்டத் தெரியுமில்ல?"

அவன் தாளில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடினான், கண்டுபிடித்தான். முகம் வெளுத்துப்போயிற்று. அவனுடைய கடைக்குட்டி வியாழக்கிழமை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். போலீசிடம் சொல்லலாமா என்று ஒருவன் கேட்டான். வால்ஷெயைப் பற்றி வால்ஷெயிடமேவா என்று மற்றவர்கள் அவன் வாயை அடைத்தார்கள். அது நடக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பாதிரியார் அப்போது இடுப்பெலும்பு முறிந்து போட்சனில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் ரோமில் படித்தவர். அவர் ஊரில் இருந்திருந்தால் நான் வேறு வழி யோசித்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் ஹார்ட்மன் தன் குழந்தையைக் கேட்டிருக்கிறான், டீச்சர் தரையில் என்ன வரைகிறாள் என்று. அவள் சொன்னாளாம், அஞ்சு கோடுப்பா, நாங்க எல்லாரும் அதுமேல நிப்போம், டீச்சர் தொட்டா கத்துவோம். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும். கட்டடத்துக்குப் போய்ப் பார்த்தவர்கள் அழிந்தும் அழியாமலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த சாக்பீஸ் கோடுகளைப் பார்த்தார்கள். தேடிப்போனது அவர்கள் கண்ணுக்குக் கிடைத்தது.

இரண்டே வாரம். வியாழக்கிழமை ஒரு குழந்தையும் வரவில்லை. பேக்கரியில் அலமாரி நிறைய ரொட்டியை வைத்துக்கொண்டு, தீர்ந்துபோச்சு என்று அவளிடம் சொன்னார்கள். அவளுடைய காரின் நான்கு டயர்களையும் யாரோ குத்திப்போட்டார்கள். ஜனவரி மூன்றாம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார் வீட்டுக்காரர்.

டிசம்பர் நடுவில், கிறிஸ்துமஸ் ரொட்டிக்கு நானும் ஆஃப்ராவும் உலர்ந்த அத்திப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் அதைப் பற்றிப் பேசினாள். கடிதம் காணாமல்போனதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வெரோனாவையும் சொல்லவேண்டுமே.

"அம்மா, இந்தக் கூத்தைக் கேட்டியா? சுரக்கோட்டைப் போயி பேய் நட்சத்திரம்னு நினைச்சுக்கிட்டுத் திரியுதுங்க. யாரோ பென்டகிராம்மாங்கிறதை அரைகுறையா காதுல வாங்கிட்டுப் போயி உளறியிருக்காங்க."

"ம்."

"நீ போயி மேயர்கிட்ட சொல்லும்மா. நான் சொன்னா அவளோட கைப்பிள்ளைம்பாங்க. நீ சொன்னா கேட்பாங்க, உனக்குத்தானே ரெண்டு பாஷையும் தெரியும்."

"சொல்றேன்."

"இன்னைக்கே சொல்லு."

"சொல்றேன்னு சொன்னேன்ல. பழத்தைச் சின்னதா நறுக்கு."

அவள் எழுந்துவந்து பின்னாலிருந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரத்தில்கூட அவள் வாயிலிருந்து வெரோனா வந்திருந்தால் நான் நேரே மேயரிடம் போயிருப்பேன். வரவில்லை. அவள் சொல்லவில்லை, நானும் போகவில்லை.

ஜனவரி மூன்றாம் தேதி காலை நிவெஸ் என் வாசலுக்கு வந்தாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. மெலிந்துபோயிருந்தாள்.

"புர்கா, நான் கிளம்பறேன். அஞ்சாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணி பஸ். ட்ரெண்டோவுல அக்கா வீட்டுக்கு."

"அதுவரைக்கும் எங்க இருப்பே?"

"ரெண்டு நாள் பள்ளிக்கூட வாட்ச்மேன் ரூம்ல. அஞ்சாம் தேதி மதியத்துல இருந்து பால்பண்ணை மாடியில. என் புஸ்தகமெல்லாம் அங்கதான் கிடக்கு, கட்டணும். யாருக்கும் தெரியவேண்டாம், எனக்குப் பயமா இருக்கு. நீ மட்டும் வா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"வர்றேன்."

அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். பஸ் ஏறப்போகும் நேரத்தில் சொல்லும் உண்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது. அதோடு இன்னொரு விஷயமும் அன்று முழுக்க என் மண்டையைக் குடைந்தது. ட்ரெண்டோவிலிருந்து வெரோனாவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். அவளை ஊரைவிட்டுத் துரத்தி, என் மகளுக்கு இன்னும் வசதியான இடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறேன். அது நான் எதிர்பாராதது.

ஐந்தாம் தேதி மதியம் முழுக்கப் பனி கொட்டியது. ஆஃப்ரா இரண்டு மணிக்கு, அத்தை வீட்டுக்குப் போயிட்டு வர்றேம்மா என்று என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் முத்தம் கொடுக்கிற பெண் இல்லை. நான் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின நாள் எங்கள் வீடுகளில் புகை போடுவார்கள். இரும்புச் சட்டியில் தணலும் சாம்பிராணியும் எடுத்துக்கொண்டு, ஜெபம் சொல்லியபடி அறை அறையாகவும் தொழுவத்துக்கும் போவார்கள். கூடவே ஒருவர் தீர்த்தம் தெளிப்பார். அந்த வருடம் பழைய பால்பண்ணைக்கும் புகை போட்டுத் தீட்டுக் கழிக்க வேண்டும் என்று கோர்பினியான் சொல்லியிருந்தான். நான்கு மணிக்கு ஏழு பேர் போனோம். சட்டி ஹார்ட்மன் கையில், தீர்த்தம் என் கையில். அது மரக் கட்டடம். கீழ்த்தளத்தில் பின்பக்கம் வைக்கோல் கட்டுகள் அடுக்கியிருந்தன. பனியில் காலடித் தடம் எதுவும் இல்லை, எல்லாம் மூடியிருந்தது.

கீழ்த்தளத்தை மூன்று முறை சுற்றினார்கள். மாடிக்குப் போக யாருக்கும் தைரியம் இல்லை. வீட்டுக்குப் போடுகிற புகை இந்த இடத்துக்குப் போதாது என்று ஒருவன் சொன்னான். அப்போது ஹார்ட்மன் சட்டியை நடுத்தரையில் வைத்தான்.

"இங்கேயே இருக்கட்டும். ராத்திரி முழுக்கப் புகை நல்லா ஊறட்டும், காலையில வந்து எடுத்துக்கலாம்."

நாங்கள் வெளியே வந்தோம். நான் சுவரில் தீர்த்தம் தெளித்துக்கொண்டே மேலே பார்த்தேன். மாடிச் சன்னலில் நிவெஸ் நின்றிருந்தாள். கீழே ஜெபச் சத்தம் கேட்டதிலிருந்து மூச்சுவிடாமல் நின்றிருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். சொல்லிவிடாதே என்று அர்த்தம். இந்தச் சைகைக்கு எல்லா மொழியிலும் ஒரே அர்த்தம்தான், மொழிபெயர்க்கத் தேவையில்லை. நான் தலையாட்டினேன்.

ஹார்ட்மன் கதவுக்குக் குறுக்கே போடும் கட்டையைத் தூக்கினான். கனமான கட்டை, மறுமுனையை நான் பிடித்தேன். போடுவதற்கு முன் நின்றான். அவன் தீயணைப்புப் படைக்காரன், பழக்கதோஷத்தில் கேட்டான்.

"உள்ள நம்மாளு யாரும் இல்லையே?"

"நம்மாளு யாரும் இல்ல," என்றேன்.

கட்டையைப் போட்டோம். ஜெபம் சொல்லிக்கொண்டே மேட்டில் ஏறினோம்.

அரை மணி நேரத்தில் கோயில் மணி அடித்தது. நான் வீட்டில் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தேன். ஆஃப்ரா வந்தால் சாப்பிட்டுவிட்டு இருவருமாக எங்கள் அறைகளுக்குப் புகை போடலாம் என்று சட்டியைத் துடைத்துவைத்திருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தபோது ஹார்ட்மன் கோடாலியால் கதவைப் பிளந்து உள்ளே போயிருந்தான். முதலில் அவன் தூக்கிவந்தது என் மகளை. நிவெஸின் கோட்டு ஈரத்தோடு அவள் தலையையும் முகத்தையும் சுற்றியிருந்தது. அந்தக் கோட்டுதான் அவளைக் காப்பாற்றியது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதற்காக நான் நிவெஸுக்கு நன்றி சொல்லவேண்டும் என்றும் சிலர் சொன்னார்கள். யார் கூட்டிப்போனதால் அவள் அங்கே இருந்தாள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஆஃப்ராவின் பெட்டியும் அதே பஸ்ஸுக்காக மாடியில் காத்திருந்தது. நிவெஸ் எனக்குச் சொல்ல இருந்தது அதுதான்.

புகை ஆஃப்ராவின் தொண்டையை முழுக்க எரித்துவிட்டது. பதினோரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். குரல் திரும்பவில்லை. கட்டையைப் போட்டது யார் என்று ஏழு பேரில் ஒருவரும் போலீசிடம் சொல்லவில்லை, அவர்களும் தோண்டிக் கேட்கவில்லை. ஹார்ட்மன் அந்த வாரமே படையிலிருந்து விலகினான். போன வருடம் செத்துப்போனான். என்னிடம் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றி அவன் ஒரு நாளும் பேசியதில்லை. நான் சொல்லாமல் இருந்தால் உங்களுக்கு அது தெரிந்தே இருக்காது. உங்களிடம் இருப்பது இரண்டு தாள் மட்டும்தான்.

ஆஃப்ரா பதினேழு வருடமாக என்னோடுதான் இருக்கிறாள். மென்மையாக வேகவைத்துக் கொடுக்கிறேன், தலை பின்னிவிடுகிறேன். வெரோனாவுக்குப் போயிருந்தால் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள். போன திங்கட்கிழமை அவள் அந்தத் தாள்களின் நகலை என் தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டு, என் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பென்டகிராம் என்ற வார்த்தையின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தாள். அப்புறம் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். இந்தத் தடவை நிஜமாகவே அங்கேதான் போயிருக்கிறாள், விசாரித்துவிட்டேன்.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன். அந்தச் சொல்லின் சரியான அர்த்தம் தெரிந்தேதான் அப்படி எழுதினேன். நிவெஸ் உள்ளே இருப்பது தெரிந்தேதான் கட்டையின் மறுமுனையைப் பிடித்தேன். ஆனால் ஹார்ட்மனிடம் நான் பொய் சொன்னதாக மட்டும் எழுதாதீர்கள். அவன் நம்மாளைப் பற்றிக் கேட்டான், நிவெஸ் நம்மாள் இல்லை. எங்கே போகிறாள் என்று ஆஃப்ரா அன்றைக்கு என்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் என் பதிலில் பிழையே இருந்திருக்காது.